கொழும்புக்கு ஒரு ரூபா: வ.உ.சிதம்பரம்பிள்ளையின் கப்பலைக் கவிழ்த்த மலிவு விலை

தூத்துக்குடியில் கப்பல் ஏறிக் கொழும்பில் இறங்க ஒரு ரூபா. 1907ஆம் ஆண்டளவில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பனி இந்தத் தடத்தில் அறிவித்த கட்டணம் இது. அதுவரை அது வாங்கிவந்த தொகையோடு பார்த்தால் வெறும் சில்லறை. பிறகு அந்த ஒரு ரூபாவும் வேண்டாம் என்று விட்டது. இலவசமாக ஏற்றியதோடு நில்லாமல் ஏறுகிறவருக்கு ஒரு குடையும் கொடுத்தது என்று வ.உ.சிதம்பரம்பிள்ளையின் வரலாற்றை எழுதியவர்கள் பலரும் குறிப்பிடுகிறார்கள்.

ஒரு கப்பல் கம்பனி எதற்காகக் காசு வாங்காமல் ஆட்களை ஏற்ற வேண்டும்? பயணிகள் மீது வந்த இரக்கம் காரணமல்ல. அதே கடலில், அதே கொழும்புக்கு, வேறொரு கப்பல் ஓடத் தொடங்கியிருந்தது.

வ.உ.சி. என்றதும் எங்களில் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது செக்கு. 1961இல் வந்த கப்பலோட்டிய தமிழன் படமும் அதில் சிவாஜி கணேசன் இழுத்த செக்கும் அப்படிப் பதிந்துவிட்டன. சிறைக் கொடுமை உண்மைதான், அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவரை வீழ்த்திய முதல் ஆயுதம் பயணச்சீட்டின் விலை. இந்தப் பகுதி அவரது வாழ்க்கைக் கதையில் ஓரிரு வரிகளில் கடந்துபோகிறது. அந்தக் கப்பல் வந்து சேர்ந்த துறைமுகத்துக்குப் பக்கத்தில், கொட்டாஞ்சேனையிலும் செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் கடை வைத்தும் வாடகைக்கு இருந்தும் வாழ்கிற நாங்களாவது இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

அவர் பிறந்தது 1872 செப்டெம்பர் 5ஆம் திகதி, தூத்துக்குடிக்கு வடக்கே ஒட்டப்பிடாரத்தில். தந்தை உலகநாதபிள்ளை வழக்கறிஞர், தாய் பரமாயி அம்மாள். படிப்பு முடிந்து தாலுகா அலுவலகத்தில் சில காலம் எழுத்தராக இருந்தார். அது ஒத்துவரவில்லை. திருச்சிராப்பள்ளிக்குப் போய்ச் சட்டம் படித்து, தேறி, 1895இல் ஒட்டப்பிடாரத்திலேயே தொழிலைத் தொடங்கினார். 1900இல் தூத்துக்குடிக்கு இடம் மாறினார். நல்ல வருமானம், நல்ல பெயர். தமிழ் இலக்கியத்திலும் சைவ சித்தாந்தத்திலும் ஆழ்ந்த ஈடுபாடு. அப்படியே இருந்திருந்தால் ஒரு வசதியான ஊர் வக்கீலாக வாழ்ந்து முடிந்திருப்பார்.

ஆனால் அவர் குடியேறிய ஊர் ஒரு துறைமுகம். தலைமன்னார் பாதை அப்போது கிடையாது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ரயிலையும் கப்பலையும் இணைத்த சேவை 1914இல்தான் வந்தது. அதற்கு முன்னர் சென்னையிலிருந்து கொழும்புக்கு வருகிறவர் தூத்துக்குடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கப்பல் ஏறவேண்டும். அந்தத் துறையில் கடல் ஆழமில்லை. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும், படகில் போய் ஏறுவார்கள். வியாபாரிகள், கணக்கப்பிள்ளைகள், தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய கங்காணிகள், அவர்கள் பின்னால் குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர்கள் என்று பலவிதமானவர்கள் இவ்வழியாக வந்தார்கள். அந்தத் தொழிலாளர்களுக்குக் கப்பல் கூலி சின்ன விஷயமில்லை. பயணச் செலவு கங்காணியின் கணக்கில் கடனாக ஏறி, தோட்டத்தில் கால் வைக்கும்போதே தலைக்கு மேல் நிற்கும்.

இந்தத் தடம் முழுக்கப் பிரிட்டிஷ் இந்தியா கம்பனியின் கையில் இருந்தது. சுருக்கமாக பி.ஐ. என்பார்கள். ஸ்கொட்லாந்துக்காரரான வில்லியம் மெக்கினன் 1856இல் வேறு பெயரில் தொடங்கியது, 1862இல் இந்தப் பெயரைப் பெற்றது. அரசாங்கத்தின் தபால் ஒப்பந்தங்களைப் பிடித்து வளர்ந்த கம்பனி. தபால் காசு அரசிடமிருந்து நிச்சயமாக வரும், அதன்மேல் பயணியும் சரக்கும் இலாபம். தூத்துக்குடியில் அதன் முகவர்கள் ஏ அன்ட் எஃப் ஹார்வி நிறுவனத்தார். ஊரின் பெரிய நூற்பாலையான கோரல் மில்லும் அவர்களுடையதுதான். ஒரே கை ஆலையையும் கப்பலையும் பிடித்திருந்தது. இந்த இணைப்பைப் பின்னர் நடந்தவற்றோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்.

1905இல் வங்காளம் பிரிக்கப்பட்டதும் சுதேசி இயக்கம் இந்தியா முழுக்கப் பரவியது. வெளிநாட்டுத் துணியை எரிப்பதைப் பலர் செய்தார்கள். வ.உ.சி. கடலில் போட்டிக்குப் போனார். 1906 ஒக்டோபர் 16ஆம் திகதி சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பனி பதிவுசெய்யப்பட்டது. மூலதனம் 10 இலட்சம் ரூபா, பங்கு ஒன்று 25 ரூபா வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 2 இலட்சம் ரூபாவுக்கு 8,000 பங்குகளை வாங்கினார். வ.உ.சி. உதவிச் செயலாளர். பதவி அவ்வளவுதான், ஓடியாடியது முழுக்க அவர்தான். பங்கு ஆசிய நாட்டவருக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். கப்பலோட்டும் தொழிலை இந்தியருக்கும் இலங்கையருக்கும் ஏனைய ஆசியருக்கும் பழக்குவது கம்பனியின் நோக்கங்களில் ஒன்று. இலங்கையரின் பெயர் அந்த ஆவணத்தில் இருந்தது என்பது இங்கே அதிகம் பேசப்படாத சங்கதி.

முதலில் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயின் ஷா லைன் நிறுவனத்திடம் குத்தகைக்கு எடுத்தார்கள். பி.ஐ. கம்பனி அந்த நிறுவனத்துக்கு நெருக்குதல் கொடுத்தது, குத்தகை முறிந்தது. பயணிகளையும் சரக்கையும் ஏற்றுக்கொண்ட பிறகு கப்பல் இல்லாமல் போனால் கம்பனியின் நாணயம் போய்விடும். அந்தத் தறுவாயில் கைகொடுத்தது கொழும்பு. இங்கிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு எடுத்துச் சேவையை நிறுத்தாமல் நடத்தினார்கள். பின்னர் வ.உ.சி. பம்பாய்க்குப் போனார். கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் விழுவேன் என்ற வைராக்கியத்தோடு அவர் போனதாகச் சொல்வார்கள். 1907இல் காலியா என்ற கப்பல் தூத்துக்குடிக்கு வந்தது. லாவோ என்ற இன்னொன்றும் வந்து சேர்ந்தது.

விலைச் சண்டை அதோடு முற்றியது. பி.ஐ. ஒரு ரூபா என்றது. சுதேசிக் கம்பனி எட்டணாவுக்கு, அதாவது அரை ரூபாவுக்கு இறங்கியது. அதன் பிறகுதான் இலவசமும் குடையும்.

இதை வெறும் தாராளம் என்றோ வெறும் அற்பத்தனம் என்றோ பார்த்தால் பிழைத்துவிடும். கணக்கு மிகவும் எளிது. பி.ஐ. கம்பனிக்கு வங்காள விரிகுடா, பர்மா, பாரசீக வளைகுடா, கிழக்கு ஆபிரிக்கா என்று எத்தனையோ தடங்கள். தூத்துக்குடி–கொழும்பு தடத்தில் வருகிற நட்டத்தை மற்றத் தடங்களின் இலாபத்தில் ஈடுசெய்யலாம். சுதேசிக் கம்பனிக்கு இருப்பது இந்த ஒரே தடம். நிலக்கரிக்கும் மாலுமிக்கும் துறைமுகக் கூலிக்கும் காசு இந்த எட்டணாவிலிருந்துதான் வரவேண்டும். ஒருவருக்கு நட்டம் ஒரு முதலீடு, மற்றவருக்கு அதே நட்டம் மரணம். போட்டியாளர் சாகும் வரை விலையைக் கீழே வைத்திருந்தால் போதும். பிறகு பழைய விலைக்கும் போகலாம், அதற்கு மேலும் போகலாம். கேட்க ஆளிருக்காது.

ஒரே ஒரு வழி மட்டும் மிஞ்சினால் விலை என்னவாகும் என்பதை வடக்கைச் சேர்ந்தவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்தில் சீனிக்கும் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் என்ன விலை கொடுத்தோம், கொழும்புக்கு ஒரு விமானச் சீட்டுக்காகவோ திருகோணமலைக்குக் கப்பலில் ஓர் இடத்துக்காகவோ எத்தனை நாள் காத்திருந்தோம் என்பது நினைவிலிருக்கும். அங்கே பாதையை அடைத்தது போர். தூத்துக்குடியில் அடைக்கப் பார்த்தது விலை.

வ.உ.சி. சட்டம் படித்தவர். ஏன் நீதிமன்றத்துக்குப் போகவில்லை என்ற கேள்வி இயல்பாக எழும். போயிருந்தாலும் பயன் இருந்திருக்காது. பிரித்தானியச் சட்டம் அந்தக் கேள்விக்கு ஏற்கனவே பதில் சொல்லியிருந்தது, அதுவும் ஒரு கப்பல் வழக்கில்.

1885இல் சீனாவின் ஹாங்கோ துறையில் தேயிலை ஏற்றப் போனது மோகல் என்ற கப்பல் கம்பனி. பி அன்ட் ஓ உட்படப் பெரிய கம்பனிகள் கூட்டுச் சேர்ந்து அந்தத் தடத்தை வைத்திருந்தன. புதிதாக வந்தவரை விரட்ட அவை சரக்குக் கூலியை நட்ட விலைக்கு இறக்கின. தங்களிடம் மட்டும் சரக்குக் கொடுக்கும் வியாபாரிகளுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் கழிவும் கொடுத்தன. மோகல் கம்பனி வழக்குப் போட்டது. 1891 டிசம்பரில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. தங்கள் வியாபாரத்தைப் பாதுகாக்கவும் பெருக்கவும் அவர்கள் அப்படிச் செய்தது குற்றமல்ல என்பதே அதன் சாரம். வ.உ.சி.யின் கம்பனி பதிவான அதே 1906இல், கப்பல் கம்பனிகளின் கூட்டுகளை ஆராய இலண்டனில் ஓர் அரச ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 1909இல் அது அறிக்கை கொடுத்தது. பெரும்பான்மை உறுப்பினர்கள் அந்தக் கூட்டுகளைத் தடைசெய்யச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் அதே காலத்தில் கதை வேறு மாதிரிப் போனது. ஏகபோகத்துக்கு எதிரான ஷெர்மன் சட்டம் அங்கே 1890இலேயே வந்துவிட்டது. 1906 நவம்பரில் அமெரிக்க அரசாங்கம் ரொக்பெல்லரின் ஸ்டாண்டர்ட் ஒயில் மீது வழக்குத் தொடுத்தது. போட்டியாளர் இருக்கும் ஊரில் மட்டும் எண்ணெய் விலையை இறக்கி அவர்களை ஒழித்தது என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. 1911இல் உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தை உடைக்க உத்தரவிட்டது. அதே 1911இல்தான் தூத்துக்குடியில் சுதேசிக் கம்பனி கலைக்கப்பட்டது. அங்கே அரசு பெரியவனை உடைத்தது, இங்கே அரசு சிறியவனைச் சிறையில் போட்டது.

இந்தக் கேள்வி பழைய கப்பல்களோடு முடிந்துவிடவில்லை. நூறு ஆண்டு கழித்து அது புத்தகத்துக்கு வந்தது. 2007இல் அமேசன் நிறுவனம் கிண்டில் கருவியை விற்கத் தொடங்கியபோது, புதிதாக வரும் பெரிய புத்தகங்களின் மின்னூலை 9.99 டொலருக்குக் கொடுத்தது. பதிப்பகங்களுக்கு அமேசன் கட்டிய விலை பல புத்தகங்களுக்கு அதைவிடக் கூட. அதாவது ஒவ்வொரு விற்பனையிலும் கைக்காசு போகிறது. வாசகருக்கு இலாபம்தான். ஆனால் இரண்டு வருடத்தில் அமெரிக்காவின் மின்னூல் விற்பனையில் நூற்றுக்குத் தொண்ணூறளவு ஒரே கடைக்குப் போய்விட்டது. மற்ற இடங்களில் வருகிற இலாபத்தில் இந்த நட்டத்தைத் தாங்கலாம் என்ற கணக்கு தூத்துக்குடிக் கணக்கேதான்.

பயந்துபோன ஐந்து பெரிய பதிப்பகங்கள் 2010இல் அப்பிள் நிறுவனத்தோடு சேர்ந்தன. விலையைத் தாங்களே வைப்பது என்று ஏற்பாடு செய்தன. 9.99 டொலருக்கு விற்ற புத்தகம் 12.99, 14.99 என்று ஏறியது. 2012 ஏப்ரலில் அமெரிக்க நீதித் திணைக்களம் அப்பிள் மீதும் அந்தப் பதிப்பகங்கள் மீதும் வழக்குப் போட்டது. பதிப்பகங்கள் ஒவ்வொன்றாகச் சமரசத்துக்குப் போய்விட்டன. அப்பிள் மட்டும் நின்று வாதாடி 2013 ஜூலையில் தோற்றது, முடிவில் 45 கோடி டொலர் கட்டியது. கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றியது தவறுதான், தீர்ப்பில் எனக்குக் குறை இல்லை. ஆனால் கூட்டுச் சேர வைத்த அந்த நட்ட விலை பற்றி எவரும் வழக்குப் போடவில்லை. நட்டத்துக்கு விற்றது மட்டும் போதாது, போட்டியாளர் ஒழிந்த பிறகு அந்த நட்டத்தை மீட்கக்கூடிய நிலை இருந்தது என்றும் நிரூபிக்கவேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1993இலேயே ஒரு வழக்கில் சொல்லியிருந்தது. அதை நிரூபிப்பது குதிரைக் கொம்பு. லீனா கான் என்ற இளம் சட்ட ஆய்வாளர் 2017இல் எழுதிய ஒரு நீண்ட கட்டுரையில் இந்த மின்னூல் விவகாரத்தையே உதாரணமாக எடுத்து, சட்டம் விலையை மட்டும் பார்க்கிறது, சந்தை யார் கைக்குப் போகிறது என்பதைப் பார்க்கவில்லை என்று வாதிட்டார். பின்னர் அவரே அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவின் தலைவரானார். 2023 செப்டெம்பரில் அந்த ஆணைக்குழு அமேசன் மீது வழக்குத் தொடுத்தது.

எங்களுக்கு இதில் என்ன? வெள்ளவத்தைக் காலி வீதியில் ஒரு தமிழ்ப் புத்தகக் கடைக்குள் நுழைந்தால் அலமாரியில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டில் அச்சானவை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குத் தாவியபோது அந்தப் புத்தகங்களின் விலை எங்கே போனது என்று வாங்கியவர்களுக்குத் தெரியும். கைபேசியில் வாசிப்பது மலிவு, பலருக்கு அதுவே வழி. ஆனால் அங்கே வாங்கும் புத்தகம் எங்களுடையதாவதில்லை, வாசிக்க அனுமதி மட்டுமே கிடைக்கிறது. 2009 ஜூலையில் அமேசன், உரிமைச் சிக்கல் என்று சொல்லி, ஜோர்ஜ் ஓர்வெல்லின் 1984 நாவலை வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அழித்தது. பிறகு மன்னிப்புக் கேட்டது. 1981இல் ஒரே இரவில் 97,000 நூல்களை இழந்த சமூகத்துக்கு, எல்லாப் புத்தகமும் ஒரே இடத்தில், ஒரே கையில் இருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பது பாடப்புத்தக விஷயமில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் ஈழத்து வெளியீடுகளை எவரும் இலவசமாக வாசிக்கப் போட்டு வைத்திருப்பது இந்த வகையில் பெரிய காரியம்.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. போட்டிக்கு எதிரான நடத்தைகளை விசாரிக்கும் பொறுப்பும் அதற்கு உண்டு. எங்களில் பலர் அதைக் கண்டிருப்பது அரிசிக் கடையில் விலைப் பட்டியல் தொங்குகிறதா என்று பார்க்க வரும்போதுதான். இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனம் போட்டியாளரை ஒழிக்க அடக்க விலைக்குக் கீழே விற்பதை வெளிப்படையாகத் தடைசெய்கிறது. வ.உ.சி.க்கு அது 96 வருடம் பிந்திய சட்டம்.

அவருடைய கதைக்குத் திரும்புவோம். இலவசப் பயணத்தையும் குடையையும் தாண்டிச் சுதேசிக் கப்பல் சில காலம் ஓடியது. விலையைப் பார்க்காமல் அதில் ஏறியவர்களும் அதில் சரக்கு அனுப்பிய வியாபாரிகளும் இருந்ததால்தான் அது முடிந்தது. ஆனால் எட்டணாவும் நாட்டுப்பற்றும் எவ்வளவு காலத்துக்கு நிலக்கரி வாங்கும்? கம்பனிக்குள்ளேயே முறுகல் வந்தது. பங்குதாரர்கள் இலாபம் பற்றிக் கவலைப்பட்டார்கள், வ.உ.சி.யின் அரசியல் வியாபாரத்துக்கு ஆகாது என்று இயக்குநர்கள் நினைத்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்வது எளிது, ஆனால் போட்டவர்கள் போட்டது உண்மையான பணம்.

அதே வேளை அவர் ஆலைத் தொழிலாளர் பக்கம் போனார். 1908 பெப்ரவரி 27இல் கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அதை முன்னின்று நடத்தினார்கள். சில நாட்களில் நிர்வாகம் இறங்கிவந்து கூலியை உயர்த்த ஒப்புக்கொண்டது. கப்பலில் தோற்கடிக்கப் பார்த்த அதே ஹார்வி நிறுவனத்தை ஆலையில் வென்றுவிட்டார். அதன் பிறகு அவரை வெளியே விட்டுவைக்க அதிகாரிகள் விரும்பவில்லை என்பதில் வியப்பில்லை. மார்ச் 12இல் மாவட்ட ஆட்சியர் விஞ்ச் அவரையும் சிவாவையும் கைது செய்தார். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள்.

1908 ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். அரச நிந்தனைக்கு 20 வருடம், சிவாவுக்கு இடம் கொடுத்து உதவியதற்கு 20 வருடம், ஒன்றன்பின் ஒன்றாக நாடுகடத்தல். மேன்முறையீட்டில் அது ஆறு ஆண்டாகக் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறை, பிறகு கண்ணூர்ச் சிறை. செக்கிழுத்தது கோயம்புத்தூரில். பேச்சுக்காகத்தான் தண்டனை, கப்பலுக்காக அல்ல என்று ஆவணங்கள் சொல்லும். ஆனால் உதவி ஆட்சியர் ஆஷ் மீது தூத்துக்குடிச் சுதேசிகள் கொண்ட ஆத்திரத்தின் வேர், அவர் பி.ஐ. கம்பனிக்குச் சாதகமாக நடக்கிறார் என்ற குற்றச்சாட்டுத்தான். 1911 ஜூனில் மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார்.

அவர் உள்ளே இருக்கும்போதே கம்பனி முடிந்தது. காலியா கப்பல் பி.ஐ. கம்பனிக்கே விற்கப்பட்டது என்று எழுதியிருக்கிறார்கள். குடை கொடுத்து ஏற்றிய கம்பனி போட்டியாளரின் கப்பலையும் வாங்கிக்கொண்டது. 1914இல் பி.ஐ. பி அன்ட் ஓவுடன் இணைந்து இன்னும் பெரிதானது.

1912 டிசம்பர் 24இல் வ.உ.சி. வெளியே வந்தார். வரவேற்க வந்தவர்கள் வெகு சிலர். வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் குடியிருந்து மளிகை, மண்ணெண்ணெய் என்று சில்லறை வியாபாரம் செய்து பார்த்தார், எதுவும் நிலைக்கவில்லை. தென்னாபிரிக்காவில் வாழ்ந்த இந்தியர்கள் அவருக்கென்று காசு சேர்த்துக் காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். அது கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் கடிதப் போக்குவரத்து நடந்தது. 1916இல் கிடைத்த தொகை 347 ரூபா 12 அணா. புலம்பெயர்ந்த உறவுகளின் காசுக்காகக் காத்திருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தக் கடிதங்களில் இருக்கும் மரியாதையும் தவிப்பும் புரியும். பின்னர் நீதிபதி வாலஸ் உரிமத்தைத் திருப்பிக் கிடைக்கச் செய்தார். அந்த நன்றிக்காக ஒரு மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். கோவில்பட்டியிலும் கடைசியில் தூத்துக்குடியிலும் வழக்கறிஞராக இருந்தார்.

பணம் இல்லாத அந்த ஆண்டுகளில்தான் அதிகம் எழுதினார். ஜேம்ஸ் அலன் எழுதிய நூல்களை மனம்போல வாழ்வு, அகமே புறம் என்று மொழிபெயர்த்தார். மெய்யறம், மெய்யறிவு ஆகியவற்றை எழுதினார். திருக்குறளுக்கு மணக்குடவர் உரையையும் தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையையும் பதிப்பித்தார். 1933இல் திலகரின் வாழ்க்கை வரலாற்றைத் தொடராக எழுதத் தொடங்கினார். அதை வெளியிட்டது கொழும்பிலிருந்து வந்த வீரகேசரி. அவரது கப்பல் நின்ற துறைமுகத்துக்கு, கால் நூற்றாண்டு கழித்து அவரது எழுத்து வந்து சேர்ந்தது.

1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியில் இறந்தார். வயது 64. இறப்பதற்கு முன் எழுதிய உயிலில் துணிக்கடைக்கும் மளிகைக் கடைக்கும் அவர் கொடுக்கவேண்டியிருந்த பாக்கிகளும் இடம்பெற்றிருந்தன.

2011 தொடக்கத்தில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் அங்கிருந்து கொழும்புக்கு ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கி, நவம்பரில் நின்றுபோனது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையில் 2023 ஒக்டோபரில் தொடங்கிய சேவையும் சில நாட்களில் நின்றது. 2024 ஓகஸ்டில் தனியார் கம்பனி ஒன்று சிவகங்கை என்ற கப்பலோடு அந்தத் தடத்தை மீண்டும் திறந்தது.